இரவல் தராத பேனா

பேனாவா? இருக்கு சார். சட்டைப் பையில தலையை நீட்டிக்கிட்டு நிக்குது, இல்லேன்னு எப்படிச் சொல்ல முடியும்? ஆனா தர மாட்டேன். கோவிச்சுக்காதீங்க. அதோ, பேங்க் பாரம் எல்லாம் வெச்சிருக்கிற மேஜையில நூல் கட்டி ஒரு பால் பாயிண்ட் தொங்குது பாருங்க, அதுல எழுதிக்குங்க. எழுதலையா? உதறிப் பாருங்க. ஓரத்துல நாலு தடவை கிறுக்குங்க, அஞ்சாவது தடவை வரும்.

வரலையா? அப்ப உக்காருங்க. கம்ப்யூட்டர் படுத்துடுச்சுன்னு சொல்லிட்டு கவுண்டர்ல இருந்த பொண்ணு எழுந்து போய் அரை மணி ஆச்சு. நான் பென்ஷன்காரன். உயிரோட இருக்கேன்னு கையெழுத்துப் போட வருஷா வருஷம் வரணும். ஒன்பதரைக்கே வந்துட்டேன். நீங்க வேணும்னா அந்த பாரத்தைக் குடுங்க, நானே எழுதித் தர்றேன். அட, நிஜமாத்தான். எழுதித் தர்றது வேற, பேனாவைத் தர்றது வேற. என்ன, கொஞ்சம் நேரம் ஆகும். எனக்கு அவசர அவசரமா எழுத வராது.

வேண்டாமா? சரி, உங்க இஷ்டம்.

கஞ்சத்தனம்னு நெனைக்காதீங்க சார். மை ஊத்தி எழுதுற பேனாவை அடுத்தவன் கையில குடுக்கக் கூடாது. ஒரு பேனாவுல ஒருத்தரே பத்து வருஷம் எழுதினா அந்த நிப்பு அவர் கைக்குத் தக்க மாதிரி தேயும். எந்தச் சாய்வுல பிடிப்பாரு, எவ்வளவு அழுத்துவாரு, எல்லாம் அதுக்குத் தெரியும். வேற கை பட்டா முரண்டு பிடிக்கும். இந்தக் காலத்துல இதெல்லாம் யாருக்குத் தெரியுது? 'சார், ஒரு நிமிஷம் பேனா'ன்னு வந்து நிப்பாங்க. கையெழுத்துன்னு ஆணியால கீறுற மாதிரி ஒண்ணு கீறிட்டு, மூடிகூடப் போடாம திருப்பித் தருவாங்க. உங்களைச் சொல்லலை. பொதுவாச் சொல்றேன்.

என் பேரு வேதாசலம். பள்ளிக்கூடத்துல எழுத்தரா இருந்தேன். பசங்களுக்கும் வாத்தியாருங்களுக்கும் ரைட்டர் சார். பேரைச் சொன்னா எங்க பக்கம் யாருக்கும் தெரியாது, ரைட்டர்னா தெரியும். முப்பத்திநாலு வருஷம் ஒரே நாற்காலி, ஒரே ஜன்னல். அட்மிஷன் ரிஜிஸ்டரு, டிசி, சர்வீஸ் புக்கு எல்லாம் என் கை. இன்ஸ்பெக்ஷனுக்கு வந்த ஒரு ஆபீசர் ரிஜிஸ்டரைத் திறந்து பாத்துட்டு, 'இது அச்சா?'ன்னு கேட்டாரு. இல்லீங்கய்யா, கைதான்னேன். அவரு தாள்ல விரலை வெச்சுத் தடவிப் பாத்தாரு சார். அப்புறம் எங்க எச்.எம்.மைப் பாத்து, 'உங்க ஸ்கூல்ல உருப்படியா இருக்கிறது இது ஒண்ணுதான்யா'ன்னாரு. எச்.எம். முகம் போன போக்கைப் பாக்கணுமே!

காலையில போன உடனே முதல் வேலை மை ஊத்துறதுதான். நீலம் இல்ல, கறுப்பும் இல்ல, நீலக்கறுப்புன்னு ஒண்ணு வரும், அதுதான் என் மை. எழுதும்போது நீலமாத் தெரியும், ரெண்டு நாள் போனா கறுத்துடும். கழுத்தைத் திருகி, ஃபில்லரால சொட்டுச் சொட்டா விட்டு, வழிஞ்சதைத் துணியால ஒத்தி எடுத்து, நிப்பைத் தாள்ல வைக்கிற அந்த நேரம் இருக்கே சார், அதை எப்படிச் சொல்றது? வயித்துக்குள்ள சில்லுன்னு ஒண்ணு இறங்கும். அழுத்தவே வேண்டாம். பேனாவோட கனமே போதும். நாம சும்மா கூடப் போனா சரி. 'ஞ' எழுதுறப்போ அந்தச் சுழி உள்ள போயி வெளிய வரும் பாருங்க, அப்ப மூச்சை நிறுத்திடுவேன். எழுதி முடிச்சதும் தாள் மேல மை ஈரமா மினுக்கும். சில பேரு சாக்பீஸை உருட்டி ஒத்துவாங்க. எனக்கு அது பிடிக்காது. தானாக் காயணும். காயறதைப் பாத்துக்கிட்டே உக்காந்திருப்பேன். என் வீட்டுக்காரி சொல்லுவா, எனக்குப் புள்ளை பொறந்தப்பகூட நீங்க இப்படிப் பாக்கலைன்னு. அவ கெடக்குறா.

சொல்ல வந்ததை விட்டுட்டேன். பேனாவை ஏன் தர மாட்டேன்னு கேட்டீங்கள்ல. கேக்கலையா? சரி, கேக்கலைன்னாலும் சொல்றேன். கம்ப்யூட்டரு வரட்டும்.

பதினாறு வருஷம் முந்தி. ஆகஸ்ட் மாசம், ஒரு திங்கக்கிழமை. செந்தாமரைன்னு ஒரு பொண்ணு டிசி வாங்க வந்துச்சு. பிளஸ் டூ முடிச்ச பொண்ணு. ஆயிரத்து நாப்பத்தாறு மார்க்கு. எங்க பள்ளிக்கூடத்துல அந்த வருஷம் ஆயிரத்தைத் தாண்டினது மொத்தம் ரெண்டு பேரு, அதுல இது ஒண்ணு. அப்பா கலியபெருமாள், பண்ருட்டி மண்டியில பலாப்பழம் லாரியில ஏத்தி இறக்குறவரு. பொண்ணுக்கு கவர்மெண்ட் நர்சிங் ஸ்கூல்ல சீட்டு கிடைச்சிருந்துச்சு. வேற ஜில்லா, பஸ்ஸுல மூணு மணி நேரம். வியாழக்கிழமை சாயங்காலம் அஞ்சு மணிக்குள்ள டிசியோட போய்ச் சேரணும். கையில லெட்டரு வெச்சிருந்துச்சு.

எங்க எச்.எம். தனகோட்டி சார் ரொம்பத் தங்கமான மனுஷன். ஒவ்வொரு டிசிக்கும் கூப்பிட்டுக் கையெழுத்துக் கேட்டா அவருக்கு எரிச்சல் வரும். அதனால டிசி புக்கு வந்த உடனே நூறு பாரத்துலயும் மொத்தமாக் கையெழுத்தைப் போட்டு, சீலையும் குத்தி என்கிட்ட குடுத்துடுவாரு. வெறும் பாரம், கீழ மட்டும் கையெழுத்து. மேல என்ன வேணும்னாலும் நான்தான் எழுதணும். முறையில்லைதான். ஆனா எல்லா ஸ்கூல்லயும் அப்படித்தான் நடக்குது, நீங்க வெளிய சொல்லிக்காதீங்க.

நான் பேரு, பிறந்த தேதி, அங்க அடையாளம் எல்லாம் எழுதி முடிச்சேன். நடத்தைன்னு ஒரு கலம் இருக்கும் சார், அதை எப்பவும் கடைசியாத்தான் எழுதுவேன். அது ஒரு பழக்கம். சாப்பாட்டுல பாயசம் கடைசியா வர்ற மாதிரி. பேனாவை மூடி வெச்சுட்டு, பக்கத்து ரூம் பீரோவுல இருந்த கனமான ரிஜிஸ்டரை அந்தப் பொண்ணும் நானுமாத் தூக்கிட்டு வந்தோம். அதை விரிச்சு, 'பெற்றுக்கொண்டேன்னு கையெழுத்துப் போடும்மா'ன்னு சொல்லிட்டு, எச்.எம். பெல்லு அடிச்சாருன்னு உள்ள போனேன். ரெண்டு நிமிஷம் இருக்கும். திரும்பி வந்து பாக்குறேன், என் பேனா அந்தப் பொண்ணு கையில! பசங்களுக்குன்னு நூல்ல கட்டி வெச்சிருந்த பேனாவுல ரீஃபில்லு தீந்துபோச்சாம். மேஜை மேல இது இருந்துச்சாம். எடுத்துச்சாம். எவ்வளவு திமிர் பாருங்க!

பிடுங்கிப் பாத்தேன். நிப்பு வாயைப் பொளந்துடுச்சு சார். நடுவுல ஒரு கீறல் இருக்கும் பாத்திருப்பீங்க, அது ரெண்டு பக்கமும் அகண்டு, பாம்பு நாக்கு மாதிரி ஆயிடுச்சு. பன்னெண்டு வருஷத்துப் பேனா. 'என்னடி பண்ணின?'ன்னேன். 'நான் கையெழுத்து மட்டுந்தான் சார் போட்டேன். எடுக்கும்போதே கீறுச்சு சார்'னு சொல்லுது. எடுக்கும்போதே கீறுச்சாம்! காலையில இருந்து தண்ணி மாதிரி ஓடிக்கிட்டிருந்த பேனா, இது எடுக்கும்போது மட்டும் கீறுச்சாம்.

நான் கத்தலை சார். கத்துறது என் வழக்கமே இல்ல. 'வெளிய நில்லும்மா, கூப்பிடுறேன்'னு சொன்னேன். பையில எப்பவும் இன்னொரு பேனா இருக்கும், வீட்டுல எழுதுறதுக்கு. அதை எடுத்தேன். நடத்தைன்னு இருந்த இடத்துல 'திருப்திகரமாக இல்லை'ன்னு எழுதினேன். அவ்வளவு ஆத்திரத்துலயும் கை நடுங்கலை. அந்த வரி நல்லா அமைஞ்சது சார், ஒத்துக்கிறேன். 'நன்று'ன்னு எழுதினா என்ன இருக்கு அதுல? மூணு எழுத்து, தொடங்குறதுக்குள்ள முடிஞ்சுபோயிடும். இது அப்படி இல்ல, கை ஓடுறதுக்கு எடம் இருக்கு. கவர்ல போட்டு ஒட்டிக் குடுத்தேன். டிசியை நான் வெறுமனே தர்றதில்ல, வேர்வைக் கை பட்டா மை கலைஞ்சுடும். தேங்க்ஸ் சார்னு சொல்லிட்டு வாங்கிட்டுப் போச்சு.

புதன்கிழமை அங்க போயிருக்காங்க. அவங்க பிரிச்சுப் பாத்துட்டு, இந்த நடத்தையை வெச்சுக்கிட்டு நர்சிங்ல சேக்க முடியாது, அடித்தல் திருத்தல் இல்லாம புதுசா வாங்கிட்டு வா, நாளைக்கு அஞ்சு மணி வரைக்கும்தான் டைம்னு சொல்லி அனுப்பிட்டாங்க. பாவம், அவங்களும் என்ன செய்வாங்க, எழுத்துல இருக்குதே.

வியாழக்கிழமை நான் போறதுக்கு முன்னாடியே அப்பனும் பொண்ணும் ஆபீஸ் வாசல்ல நிக்கிறாங்க. எச்.எம். அன்னைக்கு மீட்டிங். கலியபெருமாளு துண்டை இடுப்புல கட்டிக்கிட்டு, 'ஐயா, சின்னப் புள்ள, தெரியாமப் பண்ணிடுச்சுங்க. உங்க வாயால நல்ல புள்ளைன்னு ஒரு வார்த்தை எழுதிட்டீங்கன்னா அது பொழச்சுக்கும். எங்க வீட்டுல பள்ளிக்கூட வாசப்படியைத் தாண்டினது இது ஒண்ணுதாங்க'ன்னு கால்ல விழப் போனாரு. 'சேச்சே, எழுந்திருய்யா, அதெல்லாம் எதுக்கு?'ன்னு நான்தான் தடுத்தேன். எனக்கு யாரும் கால்ல விழுறது பிடிக்காது.

கையெழுத்துப் போட்ட பாரம் டிராயர்ல இருந்துச்சு. அஞ்சு நிமிஷ வேலை. நான் முடியாதுன்னே சொல்லலை சார், அதைக் கவனிங்க. 'தரேன். ஆனா ரெக்கார்டுன்னு ஒண்ணு வேணும்ல. திங்கக்கிழமை ஒண்ணு எழுதினவன் வியாழக்கிழமை இன்னொண்ணு எழுதினா நாளைக்கு ஆடிட்ல கேப்பாங்க. மன்னிப்புக் கடிதம் ஒண்ணு எழுதிக் குடுக்கச் சொல்லு'ன்னேன். நியாயம்தானே?

அது உடனே பையில இருந்து பால் பாயிண்டை எடுத்துச்சு. எனக்குச் சிரிப்பு வந்துடுச்சு. 'அதுல இல்லம்மா. நீ கெடுத்த பேனாவுலயே எழுது. அது படுற பாடு உனக்கும் தெரியட்டும்'னு அந்த வாய் பொளந்த பேனாவைக் குடுத்தேன். நானே மை ஊத்திக் குடுத்தேன்.

நான்தான் சொல்லச் சொல்ல எழுத வெச்சேன். 'ஐயா, தங்கள் மேஜை மீது இருந்த பேனாவை வேண்டுமென்றே எடுத்து, அழுத்தி எழுதி, அதன் நிப்பைப் பழுதாக்கினேன். இது என் ஒழுங்கீனம். என் நடத்தை குறித்துத் தாங்கள் எழுதியது முற்றிலும் சரியே. மன்னிக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.' அவ்வளவுதான், நாலே வரி. 'வேணும்னு எடுக்கலை சார்'னுச்சு. 'தெரிஞ்சு எடுத்தியா, தெரியாம எடுத்தியா?' 'தெரிஞ்சுதான் சார்.' 'அப்ப வேணும்னுதான். எழுது.' எழுதிடுச்சு. புத்திசாலிப் பொண்ணு.

முதல் தாள்ல மை கொட்டி ஒரே குளம். கிழிச்சேன். ரெண்டாவதுல வரி மலையேறிப் போச்சு. கிழிச்சேன். மூணாவது நிப்பு தாளைக் குத்தி ஓட்டை விழுந்துடுச்சு. நாலாவது தாள்ல பாருங்க, அழ ஆரம்பிச்சிடுச்சு. கண்ணீர் பொட்டுப் பொட்டா விழுந்து 'ஒழுங்கீனம்' மொத்தமும் ஊறிப்போச்சு. 'தலையைக் கொஞ்சம் தள்ளி வெச்சுக்கிட்டு அழும்மா, மை கலையுது'ன்னேன். வேற ஒருத்தனா இருந்தா அடிச்சிருப்பான். நான் எவ்வளவு பொறுமையாச் சொன்னேன் தெரியுமா? தோளை இறக்கு, விரலை இறுக்காத, கையை மேஜையில ஊணு, மூச்சு விடுன்னு ஒவ்வொண்ணா.

கலியபெருமாளு ஜன்னல்ல வந்து, 'ஐயா, பத்தே முக்கா பஸ்ஸு போயிடுச்சுங்க'ன்னாரு. 'அடுத்து பன்னெண்டுக்கு இருக்குல்ல, அதுல போனா மூணு மணிக்கு அங்க இருப்பீங்க. அவசரப்படுத்தினா எழுத்து எப்படிய்யா வரும்?'ன்னேன். அவரு ஜன்னல் கம்பியைப் பிடிச்சுக்கிட்டே நின்னாரு. கம்பியெல்லாம் பலாப் பிசினு. அப்புறம் பியூனை விட்டு எண்ணெய் போட்டுத் துடைக்க வேண்டியதாப் போச்சு.

ஏழாவது தாளோ எட்டாவது தாளோ, அப்பத்தான் சார் அந்த அதிசயம் நடந்துச்சு. அந்தப் பொண்ணு அழுகையை நிறுத்திட்டுப் பேனாவை உத்துப் பாத்துச்சு. நிப்பை இப்படியும் அப்படியும் திருப்பிச்சு. அப்புறம் பேனாவை இடது பக்கமாக் கொஞ்சம் சாச்சு, படுக்க வெச்ச மாதிரிப் பிடிச்சு ஒரு கோடு இழுத்துச்சு. கீறலையே! பொளந்த நிப்பு சார், தாள் மேல வழுக்கிக்கிட்டுப் போகுது! நான் மூணு நாளா அந்தப் பேனாவோட மல்லுக்கட்டிட்டு, இனி ஆகாதுன்னு எடுத்து வெச்சிருந்தேன். எனக்குத் தோணலை அது. அந்தச் சாய்வுல பிடிச்சா மேல இருந்து கீழ வர்ற கோடு பட்டையாவும், பக்கத்துல போற கோடு முடி மாதிரி மெல்லிசாவும் விழுது. என் எழுத்துல அந்த மெல்லிசு கிடையாது.

பத்தாவது தாள். மணி பதினொன்னே முக்கா. குறை சொல்ல ஒண்ணும் இல்ல. ஒரு புள்ளி பிசகலை. ஒரு வரி ஏறலை, இறங்கலை. எழுதி முடிச்சு எழுந்து நின்னு, 'போதுமா சார்?'னு கேட்டுச்சு. பஸ் ஸ்டாண்டு பள்ளிக்கூடத்துக்கு எதிர்லதான். பஸ் எடுக்கிறதுக்கு இன்னும் கால் மணி இருந்துச்சு.

நான் சொன்னேன், 'இது எனக்கு. ஆபீசுக்கு ஒரு காப்பி வேணும்ல, இன்னொண்ணு எழுதும்மா.'

ஆபீசுக்கு எதுக்குக் காப்பின்னு கேக்குறீங்களா? உங்ககிட்ட மறைக்கிறதுக்கு என்ன இருக்கு? காப்பியும் வேண்டாம் ஒண்ணும் வேண்டாம். இன்னொரு தடவை பாக்கணும்போல இருந்துச்சு சார். அந்தப் பேனா அப்படி ஓடுறதை இன்னும் ஒரே ஒரு தடவை. நல்ல பாட்டுக் கேட்டா இன்னொரு தடவை பாடச் சொல்ல மாட்டோமா? அது மாதிரிதான். அந்தப் பொண்ணு என்னை ஒரு பார்வை பாத்துச்சு. அப்புறம் உக்காந்து எழுதுச்சு. அதுவும் அப்படியே அச்சு. பஸ்ஸு ஹாரன் அடிச்சுட்டுக் கிளம்புற சத்தம் கேட்டப்பகூட கோடு அசையலை. கலியபெருமாளுதான் வெளிய தலையில அடிச்சுக்கிட்டாரு.

அப்புறம் நான் டிசி எழுதணும். இப்படி எழுதுற பொண்ணுக்கு ஏனோதானோன்னு எழுதிக் குடுக்க மனசு வருமா? முதல் பாரத்துல 'தா'வுக்குக் கால் கொஞ்சம் நீண்டுடுச்சு, வெச்சுட்டு வேற பாரம் எடுத்தேன். பாதி எழுதறதுக்குள்ள ஒரு மணி ஆயிடுச்சு. ஒண்ணுல இருந்து ரெண்டு ஆபீஸ் லஞ்சு, எனக்கு சுகர் இருக்கு, நேரத்துக்குச் சாப்பிடணும். வந்து உக்காந்து முடிச்சேன். நடத்தை 'மிகவும் நன்று'. 'மிகவும்'னு நானாப் போட்டேன் சார், யாரும் கேக்கலை! மை காயறதுக்குள்ள மடிக்கக் கூடாதுன்னு ஃபேனுக்கு அடியில ரெண்டு கையிலயும் ஏந்திக்கிட்டு நிக்கச் சொன்னேன். பத்து நிமிஷம் அசையாம நின்னுச்சு. ரெண்டே காலுக்கு ஓடினாங்க.

போய்ச் சேந்தப்போ ஆறு ஆயிடுச்சாம். சீட்டை அடுத்த பொண்ணுக்குக் குடுத்துட்டாங்களாம். பி.டி. வாத்தியாரு வந்து சொன்னாரு. ஒரு மணி நேரம் பொறுத்திருந்தா என்ன சார் கொள்ளை போயிடும்? மனுஷத்தன்மையே இல்லாத ஜனங்க. அடுத்த வருஷம் பாத்துக்கலாம்னு பாத்தா, அதுக்குள்ள கலியபெருமாளு பழம் ஏத்தும்போது லாரியில இருந்து விழுந்து இடுப்பு போயிடுச்சு. பொண்ணு முந்திரி கம்பெனிக்குப் போச்சு, கொட்டை உடைக்க. இன்னைக்கும் அங்கதான். அதுக்குன்னு எழுதியிருக்கு, நாம என்ன பண்றது?

இதுல ஒரு வேடிக்கை சார். அஞ்சாறு வருஷம் கழிச்சு தனகோட்டி சார் ரிட்டயர் ஆனாரு. பிரிவு விழாவுல எல்லாரையும் சிரிக்க வைக்கிறாரு. என் தோள்ல கையைப் போட்டுக்கிட்டு, 'ரைட்டருக்குத் தெரியாம நான் செஞ்ச ஒரு தப்பை இன்னைக்குச் சொல்லிடுறேன். ஒரு நாள் இவரு ரூம்ல இல்லாதப்போ இவரு பேனாவை எடுத்துக் கையெழுத்துப் போட்டுட்டு, கை தவறிக் கீழ போட்டுட்டேன். நிப்பு நேரா சிமெண்ட் தரையில குத்தி நின்னுச்சு. பயந்துபோய் மூடியைப் போட்டு வெச்சுட்டு, என் ரூமுக்கு ஓடிப்போய் பெல்லை அடிச்சு இவரைக் கூப்பிட்டு வெச்சுக்கிட்டேன்'னாரு. கூட்டமே சிரிச்சுது. நானும் சிரிச்சேன்.

செந்தாமரை விஷயத்தைச் சொன்னீங்களான்னு கேக்குறீங்க. எப்படி சார் சொல்றது? அவரு மாலையும் கழுத்துமா நிக்கிறாரு. பெரிய மனுஷன், ரிட்டயர் ஆகுற அன்னைக்குச் சங்கடப்படுத்தலாமா? கை தவறுறது யாருக்கும் நடக்கிறதுதான். அதோட இன்னொண்ணு. அந்தப் பொண்ணு 'வேண்டுமென்றே'ன்னு கைப்பட எழுதிக் குடுத்திருக்கே! ரெக்கார்டு எது? எச்.எம். வாயால சொன்னதா, எழுத்துல இருக்கிறதா? எழுத்துதான் சார் நிக்கும்.

உண்மையைச் சொன்னா அந்தப் பேனா கெட்டுப்போகவே இல்ல. அன்னையில இருந்து நானும் அந்தச் சாய்வுலதான் எழுதுறேன். முன்னைவிட நல்லா ஓடுது. இதேதான் அது, பையில இருக்கிறது.

போன மாசம் ரேஷன் கடையில நிக்கிறேன். எனக்கு முன்னாடி நாலு பேரு தள்ளி அந்தப் பொண்ணு. பொண்ணு என்ன, முப்பத்திநாலு வயசு இருக்கும், பாத்தா அம்பதுன்னு சொல்லலாம். நான் கையைப் பாத்துத்தான் அடையாளம் கண்டேன். முகத்தை யாரு ஞாபகம் வெச்சுக்கிறா? விரலெல்லாம் கருகிக் கிடக்கு. முந்திரி ஓட்டு எண்ணெய் பட்டா அப்படித்தான், தோலை உரிச்சுடும். மெஷின்ல ரேகை வைக்கச் சொன்னாங்க. வைக்குது, விழலை. துடைச்சுட்டு வைக்குது, விழலை. பத்து விரலும் வெச்சுப் பாத்தாச்சு. கடைக்காரப் பையன், 'ரேகையே இல்லியேக்கா, சரி விடு, இந்த நோட்டுல கையெழுத்துப் போட்டுட்டு அரிசி வாங்கிக்க'ன்னான்.

பதினாறு வருஷம் ஆச்சே, அந்த எழுத்தை மறுபடி பாக்கப்போறோம்னு வரிசையை விட்டு முன்னாடி ஓடினேன். பேனாவை எடுத்து, மூடியைக் கழட்டி, நிப்பை எந்தப் பக்கம் சாச்சுப் பிடிக்குமோ அந்தப் பக்கமாவே திருப்பி நீட்டினேன். நான் சார்! யாருக்கும் தராத நான்! 'இதுல போடும்மா, உன் பேனாதான்'னேன்.

பேனாவைப் பாத்துச்சு. என்னைப் பாத்துச்சு. ரெண்டு கையையும் முந்தானைக்குள்ள விட்டுக்கிட்டு, கடைக்காரன்கிட்ட சொல்லுது: 'எனக்கு எழுதத் தெரியாதுங்க. மை டப்பா இருந்தாக் குடுங்க, கைநாட்டு வெச்சிட்டுப் போறேன்.'

எப்படி இருக்கும் எனக்கு? ஆயிரத்து நாப்பத்தாறு மார்க்கு வாங்கினது எழுதத் தெரியாதுங்குது! கட்டை விரலை மையில அமுக்கி வெச்சுச்சு. நோட்டுல ஒரு கோடு கிடையாது, வெறும் கறுப்புத் திட்டு. என்னால தாங்க முடியலை. பையில இருந்த லெட்டரை எடுத்தேன், லேமினேஷன் பண்ணி எப்பவும் கூடவே வெச்சிருக்கேன். 'பொய் சொல்லுது! எல்லாரும் பாருங்க, இது அவ எழுதினது'ன்னு வரிசையில இருந்த அத்தனை பேருக்கும் சத்தமாப் படிச்சுக் காட்டினேன். 'வேண்டுமென்றே எடுத்து, அழுத்தி எழுதி'ல இருந்து கடைசி வரைக்கும். அது நின்னு முழுசாக் கேட்டுச்சு. அப்புறம் அரிசிப் பையைத் தூக்கி இடுப்புல வெச்சுக்கிட்டு, 'அது நான் எழுதினது இல்லீங்க. அந்த ஆளு எழுதினது'ன்னு சொல்லிட்டுப் போயிடுச்சு. வரிசையில இருந்தவங்க என்னைத்தான் முறைச்சாங்க. ஒருத்தன், 'யோவ் பெருசு, உனக்கு வேற வேலை இல்லியா?'ன்னான்.

இந்தாங்க, நீங்களே பாருங்க சார். கண்ணாடியைப் போட்டுக்கிட்டு நல்லாப் பாருங்க. என் எழுத்தா இது? உங்க பாரத்தைக் குடுங்க, நாலு வரி எழுதிக் காட்டுறேன், பக்கத்துல வெச்சுப் பாருங்க. அதே பேனா, அதே மை, அதே சாய்வு. பதினாறு வருஷமா தினம் உக்காந்து இதைப் பாத்துப் பாத்து எழுதுறேன் சார். எனக்கு ஒரு வரி இப்படி வரலை.